எறையூருக்கு ஆலை வந்தது! அறிவு வருவது எப்போது?



நேற்று வரை எறையூர் என்றால் சர்க்கரை ஆலைதான். வாசல் பலகையில் பெரம்பலூர் சர்க்கரை ஆலை என்று எழுதியிருந்தாலும், கரும்பு வெட்டுகிறவர் முதல் டிராக்டர் ஓட்டுகிறவர் வரை அதை எறையூர் ஆலை என்றே சொல்வார்கள். 1970களில் உருவான அந்தப் பொதுத்துறை ஆலையை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் கரும்பு போட்டன, கடன் வாங்கின, பெண்ணைக் கட்டிக் கொடுத்தன.

இன்று அதே எறையூரைச் செருப்பின் பெயரால் உலகம் தெரிந்துகொள்கிறது. 2022 நவம்பரில் சுமார் 243 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா இங்கே தொடங்கப்பட்டு, காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2023 நவம்பரில் முதல் ஆலை திறக்கப்பட்டது. க்ராக்ஸ் என்ற அமெரிக்கப் பெயர் தாங்கிய காலணிகள் நம் வட்டாரத்துப் பெண்களின் கைகளால் தயாராகின்றன. பக்கத்து அரியலூர் மாவட்டத்திலும் 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நாட்டு டீன் ஷூஸ் குழுமத்தின் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள்.

நல்ல செய்திதான். மனதார வரவேற்போம். வானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த மண்ணில், பேருந்து ஏறி ஆலைக்குப் போய் மாதச் சம்பளம் வாங்கி வரும் மகளைப் பார்த்து எந்தத் தகப்பன்தான் மகிழ மாட்டான்?

ஆனால், சகோதரர்களே! மகிழ்ச்சியோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஆலை வந்துவிட்டது. ஆலையைச் சுற்றியிருக்கும் நம் கடைவீதி வளருமா? நம் லேத் பட்டறை வளருமா? நம் வெங்காய மண்டி வளருமா? பத்து ஆண்டு கழித்து அந்த நிறுவனம் வேறு நாட்டில் கூலி மலிவு என்று கிளம்பினால், நம் கையில் மிஞ்சப் போவது என்ன?

கேள்வி கடுமையானது என்று நினைக்காதீர்கள். இந்த மண்ணுக்கு அனுபவம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டையொட்டி இதே வட்டாரத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று சொல்லிச் சுமார் 3,000 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். ஆலைகள் வரும், வேலை வரும் என்றார்கள். ஆண்டுகள் ஓடின. நிலம் தரிசாகக் கிடந்ததுதான் மிச்சம். கொடுத்த விவசாயிகள் நிலத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கொடி பிடிக்க வேண்டியதாயிற்று.

வந்த ஆலையும் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது தமிழகமே கொண்டாடியது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. எட்டே ஆண்டுகள்! ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கற்றது ஒரு கம்பெனியின் ஒரு மேசையில் செய்யும் ஒரே ஒரு வேலை. வெளியே அதற்கு விலை இல்லை.

ஆகவே, பெரிய ஆலையை மட்டும் நம்பி ஒரு வட்டாரம் எழுந்து நிற்க முடியாது. உள்ளூரில் வேர் பிடித்த சிறுதொழில்கள் பலமாக இருந்தால்தான் பெரிய ஆலை வந்தாலும் பயன், போனாலும் பிழைப்பு.

அந்தச் சிறுதொழில்களைப் பலப்படுத்த வேண்டியவர் யார்? அரசு என்பீர்கள், வங்கி என்பீர்கள். இரண்டும் வேண்டும். இன்னொருவரும் இருக்கிறார். அவரை நாம் கூப்பிட்டதே இல்லை, அவரும் நம் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அவர்தான் நம் ஊர்க் கல்லூரி. அதற்கு மேலே இருக்கும் பல்கலைக்கழகம்.

நம்மிடம் என்ன இல்லை?

பெரம்பலூரையும் அரியலூரையும் பின்தங்கிய மாவட்டங்கள் என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். கொஞ்சம் கணக்கெடுத்துப் பாருங்கள்.

சின்ன வெங்காயத்துக்குத் தமிழகத்தில் பெரம்பலூர்தான் முன்னணி. செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரம் பட்டறை போட்டு வெங்காயத்தைக் காத்துவைத்திருப்பதைக் காணலாம். மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியில் விளைகின்றன. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரத்துண்டில் முழு உருவத்தையும் செதுக்கி எடுக்கும் கைகள் அங்கே இருக்கின்றன. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் அவற்றை நம்பி லாரிகளும், லாரிகளை நம்பி வெல்டிங் பட்டறைகளும் இருக்கின்றன. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி இருக்கிறது.

லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா நாடுகளுக்குச் சபர் போய் இருபது, இருபத்தைந்து வருடம் உழைத்துத் திரும்பியவர்கள் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். குளிர்சாதனம், மின்சாரம், குழாய்ப் பணி, வெல்டிங், கிடங்கு நிர்வாகம் என்று அவர்கள் கைக்குத் தெரியாத வேலை இல்லை. திரும்பி வந்து என்ன செய்கிறார்கள்? மளிகைக் கடை, செல்போன் கடை, இல்லாவிட்டால் வாடகைக்குக் கட்டிடம். கற்ற தொழில் வீணாகிறது.

கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. 1982-ல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நாம் இருக்கிறோம். கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், வேளாண் கல்லூரி எல்லாம் பேருந்து எட்டும் தூரத்தில்தான். காலையில் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள், வரிசை வரிசையாகக் கல்லூரிப் பேருந்துகள் போகும்.

ஒரு பக்கம் தொழில் இருக்கிறது. மறுபக்கம் கல்வி இருக்கிறது. நடுவில்தான் பாலம் இல்லை.

வெங்காய வியாபாரியைக் கேளுங்கள். பட்டறையில் வைத்த சரக்கில் எவ்வளவு அழுகிப் போகும், எவ்வளவு எடை குறையும் என்று வேதனையோடு சொல்வார். காற்றோட்டம் எப்படி அமைத்தால் இழப்பு குறையும் என்று அவருக்கு அளந்து சொல்ல ஆளில்லை. செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் பெண்ணைக் கேளுங்கள். சரக்கு சுத்தமானது, வாசனை ஊரைத் தூக்குகிறது. பாட்டிலில் அடைத்து வெளியூர்க் கடைக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஆய்வகச் சோதனை அறிக்கை கொண்டுவா என்கிறார்கள். அதற்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ அலைய வேண்டும். லேத் பட்டறைக்காரரைக் கேளுங்கள். பழைய உருப்படியைக் கையில் கொடுத்தால் அச்சு அசலாகச் செய்து தருவார். அதையே கம்ப்யூட்டரில் வரைந்த படமாகக் கொடுத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடப் பிசகக் கூடாது என்றால் கையைப் பிசைவார். பெரிய ஆலையின் உதிரிபாக ஆர்டர் அந்த இடத்திலேயே கைநழுவிப் போகிறது.

இனிக் கல்லூரிக்குள் போவோம். கடைசி வருட மாணவன் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். என்ன செய்கிறான்? பணம் கொடுத்தால் ஆயத்தப் புராஜெக்ட் விற்கும் கடைகள் நகரங்களில் இருக்கின்றன. வாங்கி, பெயரை மாற்றி, பைண்டிங் செய்து கொடுத்துவிடுகிறார்கள் பலர். மதிப்பெண் வருகிறது. புத்தகம் அலமாரியில் தூசி படிந்து, பிறகு எடைக்குப் போகிறது. அதே கல்லூரியின் மதிலுக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பட்டறைக்காரர் தீர்வு தெரியாமல் திண்டாடுகிறார்! இதைவிட வேதனை உண்டா?

விவசாயிக்கு உண்டு, பட்டறைக்காரருக்கு?

இந்தப் பாலம் சாத்தியமா என்று சந்தேகிப்பவர்கள் வேளாண்மையைப் பார்க்கட்டும். 1974-ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் மையம் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று மாவட்டந்தோறும் உண்டு. நம் பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்தில் ஒன்று, அரியலூருக்குச் சோழமாதேவியில் ஒன்று. பயிரில் நோய் விழுந்தால் விவசாயி இலையைப் பறித்துக்கொண்டு போய்க் காட்டலாம். விஞ்ஞானி வயலுக்கு வந்து பார்ப்பதும் உண்டு. பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த ரகத்தை விவசாயியின் வயலிலேயே போட்டுக் காட்டுவது அந்த மையத்தின் கடமை.

சிறுதொழில் செய்பவருக்கு இதுபோல் என்ன இருக்கிறது? 1978 முதல் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. கடன், மானியம், பதிவு ஆகியவற்றுக்கு அங்கே போகலாம். போக வேண்டும். ஆனால் 'என் பண்டம் இரண்டே வாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறது, ஏன்?' என்று கேட்டால் அங்கே பதில் சொல்ல வேதியியல் ஆசிரியர் கிடையாது. அந்த ஆசிரியர் கல்லூரியில் இருக்கிறார். வகுப்பில் கொழுப்பு காற்றுப்பட்டுக் கெடுவதைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்!

எண்ணெய்ப் பண்டம் விற்கும் கடையையும் அந்த வகுப்பறையையும் இணைப்பது யார்? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தோல் தொழில் சொல்லும் பாடம்

நமக்கு மிகவும் பழக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழில். தலைமுறை தலைமுறையாக அதில் ஈடுபட்டவர்களில் நம் சமுதாயத்தார் பெரும்பங்கினர். அந்தத் தோல் வணிகம் கல்விக்கு வாரிக் கொடுத்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, திருச்சி ஜமால் முகமது கல்லூரி ஆகியவற்றின் வரலாற்றில் தோல் வணிகர்களின் கொடை கலந்திருக்கிறது.

கொடுத்தது நமக்குத் தெரியும். கல்வி அந்தத் தொழிலுக்குத் திருப்பித் தந்த கதை பலருக்குத் தெரியாது.

1948-ல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எங்கே? சென்னைப் பல்கலைக்கழகத்தின் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியை ஒட்டி. அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம், தோல் தொழில் மூன்றும் கைகோத்து நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாணவன் கல்லூரியில் படித்தான், நிலையத்தில் பயின்றான், தோல் ஷாப்பில் வேலை பார்த்தான். பின்னாளில் அதன் இயக்குநரான டாக்டர் நாயுடம்மா ஆய்வகத்திலேயே அடைந்து கிடக்கவில்லை. தோல் பதனிடுபவர்களைத் தேடிப் போனார். அவர்கள் பழக்கத்தால் அறிந்ததைக் கேட்டார், தாம் படிப்பால் அறிந்ததைச் சொன்னார்.

இதன் அருமை 1970களில் தெரிந்தது. பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்தது போதும், முழுமையாக்கிய தோலாகவும் காலணியாகவும் அனுப்புங்கள் என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. நூறு வருடப் பழக்கத்தை ஓரிரு ஆண்டில் மாற்றச் சொன்னால் சிறிய தோல் ஷாப்காரர் என்ன செய்வார்? பக்கத்தில் கேட்க ஓர் ஆராய்ச்சி நிலையமும், அதில் படித்து வந்த இளைஞர்களும் இருந்தார்கள். தொழில் பிழைத்தது. ஆம்பூரின் ஷூ இன்று உலகச் சந்தையில் நிற்கிறது.

இதே கதையின் கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. உற்பத்தியைப் பெருக்கிய வேகத்தில் கழிவுநீரைப் பற்றிய கவலை பின்தங்கிவிட்டது. பாலாறு பாழானது, கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே நட்டஈடு தர வேண்டும் என்றது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஆலைகள் மூடப்படும் நிலை வந்தது. தனியாக நிலையம் கட்டச் சக்தியில்லாத சிறிய ஷாப்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நம்ப வேண்டியிருந்தது.

எறையூருக்கு இதில் பாடம் இருக்கிறதா, இல்லையா? எறையூரில் வந்திருப்பது தோல் அல்லாத காலணி. பாலாற்றுக்கு நேர்ந்தது அப்படியே இங்கே நேரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமக்கும் வெள்ளாறு இருக்கிறது, கிணறு இருக்கிறது, ஏரி இருக்கிறது. நீரை மாதந்தோறும் எடுத்துச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டும் வேலையை நம் கல்லூரி வேதியியல் துறை இன்றே தொடங்கலாமே! நோய் வந்தபின் நீதிமன்றம் போவதைவிட, வருமுன் அளந்து வைப்பது நல்லதல்லவா?

கோவையும் அமெரிக்காவும்

கோயம்புத்தூர்க்காரர்கள் பம்பும் மோட்டாரும் செய்து பெயர் பெற்றது தற்செயல் அல்ல. 1926-ல் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வர் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்கள். அதிலிருந்து பள்ளி வந்தது, தொழிற்கூடம் வந்தது, 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அந்த வளாகத்தில் தொழிற்கூடம் உண்மையான மோட்டாரையும் பம்பையும் செய்து விற்றது. மாணவன் கையில் எண்ணெய் ஒட்டித்தான் பட்டம் வாங்கினான். பஞ்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. 1956-ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் அங்கே உருவானது. தனி ஓர் ஆலையால் வாங்க முடியாத கருவியையும் வைத்துக்கொள்ள முடியாத விஞ்ஞானியையும் பல ஆலைகள் சேர்ந்து வைத்துக்கொண்டன.

நமக்குப் பக்கத்துத் திருச்சியிலும் 1986-ல் அன்றைய மண்டலப் பொறியியல் கல்லூரியைச் சார்ந்து அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்கா தொடங்கியது. எறையூரிலிருந்து எத்தனை சிறுதொழில்காரர் அதன் வாசலை மிதித்திருப்போம்?

அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு செய்தி. அங்கே 1862-ல் சட்டம் போட்டு, மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, விவசாயமும் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரிகளை உருவாக்கினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாப்காக் என்ற பேராசிரியர் இருந்தார். அந்த நாளில் பாலை அளவு பார்த்து வாங்கினார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும் அதே விலை, நல்ல பால் ஊற்றியவனுக்கும் அதே விலை. 1890-ல் பாப்காக் பாலில் கொழுப்பை எளிதாக அளக்கும் சோதனையைக் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள் என்று விட்டுவிட்டார். நேர்மையான சிறு விவசாயிக்கு நியாயமான விலை கிடைத்தது. இன்று நம் ஊர்ப் பால் சங்கத்தில் கொழுப்பு அளந்து விலை போடுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு முன்னோடி இப்படிப்பட்ட ஒரு பல்கலைக்கழக ஆசிரியர்தான்.

கவனியுங்கள். அவர் ராக்கெட் விடவில்லை. ஏழைப் பால்காரன் ஏமாறாமல் இருக்க ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார். கரும்பில் சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு என்று ஆலை சொல்வதை மட்டும் கேட்டுப் பழகிய எறையூர் வட்டாரத்து விவசாயிக்கு இந்த உதாரணத்தின் அருமை புரியும்.

எதிர்ப்புக் குரல்களுக்குப் பதில்

'பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை, கடைக்காரர் பிரச்சினையை எங்கே பார்ப்பது?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கூடுதல் நேரம் கேட்கவில்லை. புராஜெக்ட் என்று ஏற்கெனவே ஒதுக்கிய நேரம் இருக்கிறது. அதை உண்மையான வேலைக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் மாணவர்களுக்குத் திறன் வேண்டும் என்றுதான் சொல்கிறது. திறன், கம்ப்யூட்டர் வகுப்பில் மட்டும் வருவதில்லை. பட்டறையிலும் வரும்.

'எங்கள் தொழில் ரகசியம் வெளியே போய்விடும்' என்று சிறுதொழில்காரர் அஞ்சலாம். நியாயமான அச்சம். அதனால்தான் எழுத்து வேண்டும். கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம், யார் எதை வெளியே சொல்லலாம் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும்.

'படிக்கும் பிள்ளைகளை முதலாளிகளுக்கு இலவசக் கூலிகளாக்கும் வேலை இது' என்று சிலர் சொல்வார்கள். இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். பயிற்சி என்ற பெயரில் மாணவர்களை உற்பத்தி வரிசையில் நிறுத்தி எட்டு மணி நேரம் வேலை வாங்குவது பயிற்சி ஆகாது. அதை எதிர்க்க வேண்டும். ஆராயப் போகும் மாணவனுக்குக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும், வழிகாட்ட ஆசிரியர் இருக்க வேண்டும், போக்குவரத்துச் செலவாவது கையில் தர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று கோப்பில் கையெழுத்திட்டு, சால்வை போர்த்தி, படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் வழக்கம் போக வேண்டும். பேச்சு போதும். கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது, நம் இரு மாவட்டக் கல்லூரிகளில் ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் சிறுதொழில்காரர்களுக்குக் கதவைத் திறக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வந்தவர் பெயர், தொழில், கேள்வி, பதில் சொல்ல வேண்டிய துறை, பதில் சொன்ன தேதி. இதற்குக் கட்டிடம் வேண்டாம், மந்திரி திறந்து வைக்க வேண்டாம்.

இரண்டாவது, இறுதியாண்டுப் புராஜெக்டுகளில் ஒரு பகுதியாவது உள்ளூர்த் தொழில் ஒன்றின் உண்மையான பிரச்சினையாக இருக்க வேண்டும் என்று பாரதிதாசன் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் விதி செய்யட்டும். அந்தத் தொழில் நடத்துபவர் 'எனக்குப் பயன்பட்டது' அல்லது 'பயன்படவில்லை' என்று எழுதித் தரட்டும்.

மூன்றாவது, கல்லூரி ஆய்வகங்களை விடுமுறை நாட்களில் பூட்டி வைக்காமல், எந்தச் சோதனைக்கு எவ்வளவு கட்டணம் என்று பலகையில் எழுதி வைத்துத் திறந்துவிடட்டும். சட்டப்படி செல்லும் சான்றுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அங்கே பணம் கட்டிப் போவதற்கு முன், தன் சரக்கின் குறையைத் தெரிந்து திருத்திக்கொள்ள உள்ளூர் ஆய்வகம் போதும்.

நான்காவது, எறையூர், ஜெயங்கொண்டம் காலணி ஆலைகள் தமக்கு வேண்டிய அட்டைப்பெட்டி, அச்சு பழுதுபார்ப்பு, சீருடை, உணவு, வாகனம் ஆகியவற்றில் உள்ளூரில் வாங்கக் கூடியவை எவை என்ற பட்டியலைக் கல்லூரிகளிடமும் சிறுதொழில் சங்கங்களிடமும் தரட்டும். எந்தத் தரத்தில் வேண்டும் என்பதையும் சொல்லட்டும். அந்தத் தரத்துக்கு நம் பட்டறைக்காரரைத் தயார்படுத்துவது பாலிடெக்னிக்கின் வேலை. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் ஒரு பங்கை இந்தப் பயிற்சிக்கும் ஆய்வகத்துக்கும் ஒதுக்குங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஐந்தாவது, பட்டம் இல்லாவிட்டாலும் தொழிலில் தேர்ந்த அனுபவசாலிகளை ஆசிரியர்களாக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வழிகாட்டியிருக்கிறது. அந்த வாசலை அரும்பாவூர் சிற்பிக்கும், வளைகுடாவில் காலமெல்லாம் குளிர்சாதனப் பொறிகளோடு பழகிய நம் சகோதரருக்கும் திறந்து விடுங்கள். அறிவு கல்லூரியிலிருந்து கடைக்கு மட்டும் போக வேண்டும் என்று யார் சொன்னது? கடையிலிருந்தும் கல்லூரிக்கு வரட்டும்.

நம் பங்கு என்ன?

இவ்வளவையும் அடுத்தவரிடம் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்க முடியாது. சமுதாயச் சொந்தங்களே! நம் ஊர்களில் கல்யாண மண்டபம் கட்ட வசூல் செய்கிறோம். வணிக வளாகம் கட்டி வாடகை வாங்குகிறோம். ஜமாஅத் நிர்வாகிகளும் வியாபாரிகள் சங்கமும் சேர்ந்து, ஊரில் என்னென்ன தொழில் நடக்கிறது, யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும், யாருக்கு என்ன இடைஞ்சல் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தால் என்ன? இந்தக் கணக்கு முஸ்லிம் தெருவோடு நிற்கக் கூடாது. பக்கத்துத் தெரு கொல்லர், தச்சர், காலனியில் தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரி எல்லோரும் அதில் இருக்க வேண்டும். வெள்ளாறு எல்லோருக்கும் பொது. வேலையில்லாத் திண்டாட்டமும் எல்லோருக்கும் பொதுதான்.

தொழில் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவன் வந்து கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நஷ்டத்தை மறைக்காதீர்கள். அழுகிய வெங்காயத்தின் எடையைக் குறைத்துச் சொன்னால் ஆராய்ச்சியும் பொய்யாகத்தான் முடியும்.

காலணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகள்களைப் பெற்றவர்களே! சம்பளத்தோடு நின்றுவிடாதீர்கள். அங்கே அவள் ஓர் இயந்திரத்தைத்தான் கற்கிறாள். மாலை நேரத்திலோ தொலைநிலைக் கல்வியிலோ ஒரு டிப்ளமோ படிக்க வழி செய்யுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு வையுங்கள் என்று கல்லூரிகளிடம் கேளுங்கள். நாளை அவள் மேற்பார்வையாளராகலாம். நாலு பேருக்கு வேலை கொடுக்கும் சிறு தொழிற்கூடமும் நடத்தலாம்.

வரும் ஜூன், ஜூலையில் கல்லூரிகள் திறக்கும். அட்மிஷனுக்காகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்வர் அறைக்கு முன்னால் வரிசையில் நிற்பீர்கள். கட்டணம் எவ்வளவு, பேருந்து எங்கே நிற்கும், வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். இந்த முறை இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: 'எங்கள் ஊர்த் தொழிலுக்கு உங்கள் கல்லூரி இதுவரை என்ன செய்திருக்கிறது? இந்த வருடம் என்ன செய்யப் போகிறீர்கள்?'

ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். நூறு பேர் கேட்டால் கூட்டம் போட்டு யோசிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் கதவைத் திறந்தே ஆக வேண்டும்.

கேட்போமா?